விடுதலையான கைதி

தங்களுக்குப் பதிலாக இயேசு உயிரைக் கொடுத்தார் என்று கிறிஸ்தவர்கள் எல்லோரும் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு அது நம்பிக்கை. அதையே கண்ணால் கண்ட சம்பவமாகச் சொல்லக்கூடிய மனிதன் ஒருவன்தான் இருந்திருக்க முடியும். பரபாஸ் என்ற கைதி அவன். பண்டிகைக்காக ஒரு கைதியை விடுவிப்பது வழக்கம், யாரை விடட்டும் என்று பிலாத்து கேட்டபோது ஜனங்கள் இவனைக் கேட்டார்கள். இயேசு சிலுவைக்குப் போனார். சுவிசேஷங்களில் இவன் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது.

விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஸ்வீடன் தேசத்து நாவலாசிரியர் பேர் லாகர்க்விஸ்ட் 1950ல் 'பரபாஸ்' என்ற சிறு நாவலை எழுதினார். மறு வருஷமே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தமிழில் க.நா.சுப்ரமண்யம் இதை 'அன்பு வழி' என்ற பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார். நம்பிக்கை வராத ஒரு மனிதனின் சோகக் கதை என்று இதைப் பற்றிச் சொல்லுவது வழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயம் வேறு. நம்பிக்கை உள்ளவர்களைத்தான் இந்த நாவல் அதிகமாகச் சோதிக்கிறது.

லாகர்க்விஸ்ட் 1891ல் பிறந்தார். லூதரன் சபையைச் சேர்ந்த, பக்தி மிகுந்த குடும்பம். வயது வந்த பின் அந்த நம்பிக்கை அவரிடம் தங்கவில்லை. ஆனால் பிள்ளைப் பிராயத்தில் காதில் விழுந்த போதனை அவ்வளவு எளிதில் விட்டுப் போகுமா? தன் புண்ணியத்தால் எந்த மனிதனும் கடவுள் முன் நீதிமானாக நிற்க முடியாது. தகுதி இல்லாதவனைக் கிருபையால், விசுவாசத்தை மட்டும் பார்த்து, கடவுள் நீதிமான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார் என்பதே லூதர் வற்புறுத்திய போதனை. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் உபயோகிக்கும் கிரேக்கச் சொல் நியாயஸ்தலத்துச் சொல். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைப் பார்த்து, உன் பேரில் வழக்கில்லை, போ என்று சொல்லுவது மாதிரி. தமிழ் வேதாகமம் 'நீதிமானாக்கப்படுதல்' என்கிறது. 'ஆக்குதல்' என்றால் ஆளே மாறிவிட்டதாகத் தொனிக்கிறது. லூதர் படித்த விதத்தில் மாறுவது முதலில் தீர்ப்புத்தான், ஆள் அல்ல. (ஆளும் மாற வேண்டாமா என்று கத்தோலிக்கரும் லூதரன்களும் நானூறு வருஷத்துக்கு மேல் வாதாடி, 1999ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒருவாறு உடன்பாட்டுக்கு வந்தார்கள்.)

பரபாஸ் அப்படித் தீர்ப்பு மாறிய ஆள். அவன் கேட்கவில்லை, தகுதியும் இல்லை, விடுதலை வந்துவிட்டது. ஆனால் உள்ளே எதுவும் மாறவில்லை. இயேசுவை முதலில் பார்த்தபோது அவரைச் சுற்றி ஒளி தெரிந்ததாக அவனுக்குத் தோன்றுகிறது. சிறை இருட்டிலிருந்து அப்போதுதான் வந்த கண் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். கொல்கொதாவில் தூரத்தில் நின்று பார்க்கிறான். யார் என்று தெரியாமலே பேதுருவுடன் பேசுகிறான். பேதுருவுக்கும் இவன் யார் என்று தெரியாது. மனம் விட்டுப் பேசுகிறார். சற்று நேரத்தில் தெரிந்தவர்கள் வந்து அடையாளம் காட்டிவிடுகிறார்கள். உடனே விரட்டுகிறார்கள். தகுதியற்றவனுக்காக அவர் இறந்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு, அந்தத் தகுதியற்றவன் நேரிலே வந்து நின்றால் பார்க்கச் சகிக்கவில்லை! எந்த நாஸ்திகனும் இதைவிடக் கூர்மையாக ஒரு கேள்வி கேட்டுவிட முடியாது. ஆனால் லாகர்க்விஸ்ட் பரிகாசம் செய்யவில்லை. அவர்களுடைய துக்கம் நியாயமானது என்பதும் அவருக்குத் தெரியும்.

மேலுதடு பிளந்த ஒரு பெண் வருகிறாள். வார்த்தை சரியாக வராது. என்ன போதித்தார் உன் குருநாதர் என்று பரபாஸ் கேட்டால், ஒருவரை ஒருவர் நேசிக்கச் சொன்னார் என்பதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த விசுவாசத்துக்காக அவளைக் கல்லெறிந்து கொல்லுகிறார்கள். கல்லெறிந்தவன் ஒருவனைப் பரபாஸ் கத்தியால் குத்துகிறான். இரவில் அவள் உடலைச் சுமந்து போய், அவள் குழந்தையைப் புதைத்த இடத்திலேயே புதைக்கிறான். அவளைச் சுமக்க விசுவாசிகளில் ஒருவரும் வரவில்லை. இந்த நாவலில் ஆக நல்ல காரியத்தைச் செய்பவன் நம்பாதவன். ஆனால் போதனைப்படி செய்கைக்கு மதிப்பில்லையே! அவனுக்கு இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

எலியாகு என்ற கொள்ளைக்காரனைப் பற்றிய பகுதி எனக்கு அவசியமாகப் படவில்லை. தகப்பன் என்று தெரியாமல் தகப்பனைக் கொன்றதை வைத்துப் பரபாஸின் குணத்துக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. 1961ல் வந்த ஆங்கில சினிமாவில் அரங்கச் சண்டைகளையும் சேர்த்துவிட்டார்கள். ஆன்டனி குவின் நன்றாக நடித்தும் நாவலின் மௌனம் போய்விட்டது.

சைப்பிரஸ் தாமிரச் சுரங்கத்தில் பரபாஸும் சாகாக் என்ற அடிமையும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் உலோகத் தகட்டின் ஒருபுறம், இவன் சீசரின் சொத்து என்ற முத்திரை. மறுபுறம் சாகாக் கிறிஸ்துவின் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். பரபாஸும் தன் தகட்டில் கீறிக்கொள்கிறான். ரோம அதிகாரி விசாரிக்கும்போது சாகாக் மறுக்க மாட்டேன் என்று சொல்லிச் சிலுவைக்குப் போகிறான். தனக்குத் தெய்வம் இல்லை என்கிறான் பரபாஸ். பின் எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டால், நம்ப வேண்டும் என்ற ஆசையால் என்கிறான். அதிகாரி கத்தி முனையால் அந்தப் பெயரின் மேல் கோடு போட்டுவிடுகிறான்.

நாவலின் மையம் இந்த இடம்தான். விசுவாசமும் கடவுள் கொடுப்பதுதான், மனிதன் சம்பாதிப்பதல்ல என்றே லூதரன்கள் சொல்லுவார்கள். அப்படியானால் ஆசைப்பட்டும் கிடைக்காதவனை எந்தப் பக்கம் சேர்ப்பது? கோடு போட்ட பின்னும் எழுத்து தகட்டில் இருக்கத்தானே செய்கிறது? லாகர்க்விஸ்ட் பதில் சொல்லவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. பதில் சொல்லியிருந்தால் இது பிரசங்கமாகியிருக்கும்.

ரோம் எரிந்தபோது, கிறிஸ்து திரும்பி வந்து உலகத்தைக் கொளுத்துகிறார் என்று நினைத்துப் பரபாஸும் தீ வைக்கிறான். சிறையில் கிறிஸ்தவர்கள் அவனைவிட்டு ஒதுங்குகிறார்கள். அங்கே கிழவராகிவிட்ட பேதுரு இருக்கிறார். இப்போது அவருக்கு இவன் யார் என்று தெரியும். இவனைக் கண்டிக்க நமக்கு உரிமை இல்லை என்கிறார். முன்பு எருசலேமில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. மறுநாள் எல்லோரையும் இருவர் இருவராகச் சங்கிலியில் பிணைத்துச் சிலுவைக்குக் கொண்டு போகிறார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை. எனவே பரபாஸ் கடைசியில், யாருடனும் பிணைக்கப்படாமல், தனியாக நடந்து போகிறான்.