தோழமைத் தூரிகை

ஒரே கலையில் புகழ் பெற்ற இருவர் ஒருவரையொருவர் உளமாரப் போற்றுதல் அரிது. போற்றும்போதும், அதனூடே தம் திறமையைச் சற்றே காட்டிக்கொள்வது மனித இயல்பு. அவ்வியல்பை வென்று நிற்கும் ஓர் ஓவியத்தைப் பற்றி இங்குச் சில சொல்ல விழைகிறோம். 1858ஆம் ஆண்டில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பெற்ற ஹிரோஷிகேயின் நினைவுப்படம் அது. வரைந்தவர் குனிசடா.

இருவரும் உடகாவா என்னும் ஒரே ஓவிய மரபினர். ஹிரோஷிகே மழையையும் பனியையும் நெடுவழிகளையும் தீட்டியவர். குனிசடாவோ நாடக நடிகர்களையும் அழகியரையும் வரைந்து பெரும்புகழ் ஈட்டியவர். 1850களில் இருவரும் ஒரே தாளில் கூடி வரைந்ததும் உண்டு. டோக்கைடோ பெருவழியின் 53 தங்கல்களைக் காட்டும் அத்தொகுதியில் இயற்கைக் காட்சி ஹிரோஷிகேயினுடையது. மாந்தர் உருவம் குனிசடாவினுடையது.

1858இல் ஹிரோஷிகே தம் 61ஆம் வயதில் மறைந்தார். அவரினும் மூத்த குனிசடா, 72ஆம் வயதில், இளையவருக்காகத் தூரிகை எடுத்தார். இத்தகைய நினைவுப்படங்கள் பெரும்பாலும் நடிகர்களுக்கே வெளிவந்தன. உருட்டிய விழியும் முறுக்கிய உடலுமாக நடிகரைத் தீட்டிப் பழகிய கை, இங்கே அடங்கி ஒடுங்குகிறது. 1856இல் பௌத்தத் துறவு பூண்டதால் மழித்த தலை, கையில் ஜபமாலை, அமைதியாக அமர்ந்த கோலம். முதுமையை முகம் மறைக்கவில்லை. கண்ணீருடன் நினைந்து வரைந்ததாகத் தம் ஒப்பத்தோடு குறித்திருக்கிறார் குனிசடா.

இயற்கையைத் தீட்டியவரின் பின்னே ஒரு மலையேனும் இல்லையே எனச் சிலர் குறை கூறலாம். நாம் அதனைக் குறையாகக் கருதவில்லை. கூடி வரைந்த நாள்களில் பின்புலத்தைத் தந்தவர் ஹிரோஷிகே அல்லவா? அவர் மறைந்தபின் அவ்விடத்தில் இரங்கல் எழுத்துகள் மட்டுமே நிற்கின்றன. எண்ணிச் செய்தாரோ, இயல்பாய் அமைந்ததோ, அவ்வெறுமையே இழப்பின் அளவை நமக்கு உணர்த்துகிறது.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. வரைந்த மெல்லிய தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டு எஞ்சியதைச் செதுக்கி எடுப்பது அக்கால முறை. செதுக்கும்போதே ஓவியர் வரைந்த மூலத் தாள் அழிந்துவிடும். செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகியோர் கைகளைக் கடந்தே அம்முகம் மக்களை அடைந்தது. தம் கைக்கோடு அழியும் என்று அறிந்தும் தோழரின் முகம் நிலைக்க வரைந்தார் குனிசடா. தன்னை முன்னிறுத்தாத இப்பண்பே அப்படத்தின் பேரழகு என்போம்.