நிறை ஒன்றானால் தனிமமும் ஒன்றா?

பிளாஸ்மாவின் கடும் வெப்பத்தில் மூலக்கூறுகள் யாவும் அணுக்களாகச் சிதைந்துவிடும். பிறகு நிறையைக் கொண்டு தனிமத்தை அறியலாம். பிளாஸ்மா நிறை நிறமாலைமானியை மாணவர்க்கு விளக்குகையில் பெரும்பாலும் இவ்வாறே கூறுகிறோம். இவ்விளக்கம் எளியது, ஆயினும் பாதி உண்மையே.

1980இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹௌக், ஃபாசல் முதலியோர் வெளியிட்ட ஆய்வுரை இம்முறைக்கு வழி திறந்தது. ஆர்கான் பிளாஸ்மாவின் வெப்பநிலை 6,000 கெல்வினுக்கும் மேல். நீரில் கரைந்துள்ள பொருள்கள் அங்கே அணுக்களாகி, மின்னூட்டமும் பெறுகின்றன. இதுவரை விளக்கம் சரியே. ஆனால் அந்த அயனிகள், உலோகக் கூம்புகளின் நுண்துளை வழியே வெற்றிடத்துள் பாயவேண்டும். பாயும் வாயு விரிந்து குளிர்கிறது. பிளாஸ்மாவிலும் இவ்வழியிலும் ஆர்கான், ஆக்சிஜன், குளோரின் ஆகியவை இணைந்து பல்லணு அயனிகளாகின்றன. இவற்றின் அளவு சிறிதுதான். நாம் தேடும் நஞ்சின் அளவும் சிறிதன்றோ?

ஆர்செனிக்கை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் அதற்கு ஒரே ஐசோடோப்பு. நிறை எண் 75. ஆர்கான் 40, குளோரின் 35. கூட்டினால் அதுவும் 75. ஆகவே, உப்பு மிகுந்த நீரில் ஆர்செனிக் இல்லாவிடினும் இருப்பதுபோல் கருவி காட்டக்கூடும். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அவ்வளவு நுண்ணிய அளவில், இப்பிழை நல்ல கிணற்றையும் நச்சுக் கிணறு ஆக்கிவிடலாம்.

இதற்குக் கணக்கால் பரிகாரம் தேடுவர். குளோரினில் சுமார் நான்கில் ஒரு பங்கு நிறை எண் 37 உடையது. அது ஆர்கானுடன் சேர்ந்தால் 77. எனவே 77இல் தெரியும் அளவை ஏறத்தாழ மூன்றால் பெருக்கி, 75இலிருந்து கழிப்பர். ஆனால் செலீனியத்துக்கும் 77இல் ஓர் ஐசோடோப்பு உண்டு. அதைக் கவனியாமல் கழித்தால் உண்மையான ஆர்செனிக்கும் மறைந்துவிடும். முதற்பிழை வீண் அச்சம் தரும். இப்பிழையோ நச்சு நீரைக் குடிக்கவைக்கும்.

ஹீலியம் நிரப்பிய மோதல் அறை இன்னொரு வழி. உருவில் பெரிய பல்லணு அயனிகள் அதில் அதிகம் மோதி ஆற்றலை இழக்க, அவற்றை ஒரு மின்தடுப்பு நிறுத்திவிடுகிறது. எனினும் ஆர்செனிக் அயனிகளிலும் ஒரு பகுதி குறைந்துபோகிறது.

ஆதலின் குறை கருவியினுடையதன்று. நாம் தரும் விளக்கத்தினுடையது. மாதிரியில் குளோரைடு எவ்வளவு, 77இல் என்ன தெரிந்தது, செலீனியம் உண்டா என்று கேட்க மாணவரைப் பழக்கவேண்டும். அதன்பின் 75 என்ற எண்ணுக்கு ஆர்செனிக் என்று பெயரிடட்டும்.