பொன் மாத்திரை

உண்பதற்குப் பொன்! நோய் தீர்க்கவா? இல்லை. பசி போக்கவா? அதுவும் இல்லை. விழுங்கியவனின் மலம் மின்ன வேண்டும், அதற்காக! 2005-ஆம் ஆண்டில் கென் கோர்ட்னியுடன் சேர்ந்து, பொன் தாள் அடைத்த அந்த மாத்திரையைப் படைத்தவர் டோபையாஸ் வாங். பொன்னைப் போற்றித் திரிவோருக்கு, அந்தப் போற்றுதல் சென்று சேரும் இடம் எது எனக் காட்டிய எள்ளல் அது.

கனடாவின் வான்கூவர் நகரில் 1974-இல் பிறந்தவர்; நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் சிற்பம் பயின்றவர். புதுப் பொருள் செய்து புகழ் தேடுவோர் பலர். வாங்கோ, பிறர் செய்து புகழ்பெற்ற பொருள்களைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்டார். பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் வகுத்த பிளாஸ்டிக் நாற்காலியினுள் விளக்கைப் பொருத்தி, 2001-இல் ‘இது ஒரு விளக்கு’ என்று பெயரிட்டார். பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ 1936-இல் வரைந்த புகழ்மிக்க கண்ணாடிச் சாடியில் கான்கிரீட்டை ஊற்றி, கண்ணாடியை உடைத்து நீக்கி, எஞ்சிய கட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்தார். வைரத்தைத் தலைகீழாகப் பதித்து, அதன் கூர்முனை வெளியே நீட்டி நிற்கும் மோதிரமும் செய்தார். காதலின் அணிகலன், கீறும் கருவியாயிற்று!

குறும்பு என்று சிலர் கூறலாம். நாம் அப்படிக் கருதவில்லை. சாடியை விலையேற்றியது கண்ணாடியா, அதன்மேல் ஏறிய பெயரா? இதுவே அவர் எழுப்பிய கேள்வி. பெயருக்கு முன் அறிவு மண்டியிடும் அடிமைத்தனத்தை அவர் உடைத்துக் காட்டினார்.

எனினும், பாராட்டோடு நின்றுவிட்டால் அது திறனாய்வு ஆகாது. பொன் மாத்திரையை விலை கொடுத்து வாங்கக்கூடியவன் யார்? கூலிக்கு உழைப்பவனா? எள்ளப்பட்ட செல்வனே அந்த எள்ளலை வாங்கி, விருந்தினருக்குக் காட்டிச் சிரிப்பானாயின், அம்பு எங்கே தைத்தது? பகட்டைப் பழித்தார் வாங்; பகட்டோ அந்தப் பழிப்பையும் பண்டமாக்கிப் பேழையில் வைத்துக்கொண்டது. அவர் கலையின் குறை இதுவே. சிறு குறையும் அன்று.

அதை அவர் அறியாதவரும் அல்லர். தன் ஆசையிடமிருந்தே தன்னைக் காக்க வேண்டும் என்னும் பொருள்பட, கலைஞர் ஜென்னி ஹோல்சர் தம் கையால் எழுதிய வாசகத்தைக் கரத்தில் பச்சை குத்திக்கொண்டார். பிறரைக் கூண்டிலேற்றியவர், தாமும் அதே கூண்டில் ஏறி நின்றார். ஊருக்கு உபதேசம் செய்வோரிடம் காணக் கிடைக்காத நேர்மை இது!

2010-இல், 35 வயதிலேயே அவர் மறைந்தார். வான்கூவர் அருங்காட்சியகம் 2012-இல் அவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. பார்த்துச் சிரித்துக் கலைந்தால் அவர் உழைப்பு வீண். கடையில் கை நீளும்போது, “நாம் விலை கொடுப்பது பொருளுக்கா, பெயருக்கா?” என்று கேட்கத் துணிந்தால், செல்வர் வீட்டுப் பேழையில் அடைபட்ட அந்த எள்ளல் அன்றே விடுதலை பெறும். கேட்போம், தோழர்களே!