கொட்டகைக்கும் தலபுராணமா?

கோவை வெரைட்டி ஹால் சாலையில் நடப்போரே, அந்த 'ஹால்' எங்கே என்று தேடியதுண்டா? 1914-ல் எழுந்து, பின்னாளில் 'டிலைட்' எனப் பெயர் பூண்டு, நூறாண்டு கடந்து நின்ற அப்படக்கொட்டகையை இடித்துத் தள்ளிவிட்டனர். தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு போயிற்றே என்ற புலம்பல் கேட்கிறது.

புலம்பலிலும் பகுத்தறிவு வேண்டாமா? சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்னும் வெள்ளையர் 1913-லேயே எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டிவிட்டார். தென்னாட்டார் ஒருவர் எழுப்பிய நிலையான கொட்டகைகளுள் முன்னோடி கோவையினுடையது என்றால் பொருந்தும். தலபுராணம் பாடுவோரைக் கேலி செய்யும் நாம் கொட்டகைக்குத் தலபுராணம் பாடலாமா?

மெய்ப்பெருமை வேறு. திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, வேலையை உதறி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். காட்டியது ஏசுநாதர் வரலாறு, கண்டவரோ எம்மதத்தாரும்! அவரே 1933-ல் 'வள்ளி திருமணம்' படத் தயாரிப்பிலும் இறங்கினார். கடவுளரிடையே அவர் பேதம் பாராட்டவில்லை, வசூலில் கண்ணாயிருந்தார்.

ஆனால், அந்த வசூல் என்ன செய்தது? தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலையரங்கு திரையரங்கே என்றார் பேராசிரியர் கா. சிவத்தம்பி. கோயில் வாயிலில் குலம் கேட்டனர். கொட்டகை வாயிலில் காசு கேட்டனர். தரை, பெஞ்சு, நாற்காலி என ஏற்றத்தாழ்வு அங்கும் உண்டு. எனினும் காசு கைமாறும், குலம் மாறுமா?

இத்தகைய இடத்துக்கு மறுவாழ்வு தர முடியாதா? சென்னை எலெக்ட்ரிக் தியேட்டர் ஓடியது ஈராண்டே. 1915-ல் அஞ்சல் துறை அதனை வாங்கியது. அண்ணா சாலை அஞ்சலகத்தில் தபால்தலை நிலையமாக அக்கட்டடம் இன்றும் பயன்படுகிறது. ஈராண்டுக் கொட்டகை பிழைத்தது. நூறாண்டுக் கொட்டகை மாண்டது! மரபுக் கட்டடங்களைக் காக்க 2012-ல் தமிழகம் ஆணையச் சட்டம் இயற்றியும், டிலைட்டின் சுவர்கள் தப்பவில்லை. நூலகமாக்கியிருந்தால், வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிவரும் தேயிலைத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அங்கே ஓர் இருக்கை கிடைத்திருக்குமே!

பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் மூடிக்கிடக்கும் கொட்டகைகளுக்கேனும் நம் மாணவர் அளவுநாடாவுடன் செல்லட்டும். தரை எங்கே, பெஞ்சு எங்கே, பெண்கள் அமர்ந்த பகுதி எது என வரைபடம் தீட்டட்டும். சீட்டுக் கிழித்தவர்களும் படக்கருவி ஓட்டியவர்களும் உயிரோடிருக்கையிலேயே கேட்டு எழுதட்டும்.