கற்றல் டேப்லெட்: யாருக்காக வாங்குகிறோம்?

பொம்மைக் கடையில் 'குழந்தைக்குக் கற்றல் டேப்லெட்' என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வகைப் பொருளை எடுத்து வைப்பார்கள். முதலாவது, பேட்டரி போட்ட பிளாஸ்டிக் பலகை. திரை கிடையாது, 'ஏ' பட்டனை அழுத்தினால் 'ஆப்பிள்' என்று சத்தமாகச் சொல்லும். விலை சில நூறு ரூபாய். இரண்டாவது, லீப்ஃப்ராக், விடெக் போன்ற பொம்மை நிறுவனங்கள் தங்கள் சொந்த மென்பொருளோடு விற்கும் சிறிய திரைக்கருவி. மூன்றாவது, பெரியவர்களின் டேப்லெட்டுக்கே தடித்த உறை மாட்டி, குழந்தைகளுக்கென்று தனி முகப்பும் பெற்றோர் பூட்டும் சேர்த்தது; அமேசானின் ஃபயர் கிட்ஸ் இந்த வகை. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பெட்டியின் மேல் இருக்கும் வாக்குறுதி ஒன்றேதான்: கையில் கொடுத்துவிடுங்கள், குழந்தை தானாகக் கற்றுக்கொள்ளும்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தையிடம் அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இங்கே கேள்வி. ஐந்து வயதுப் பிள்ளையின் கதை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதம் வீணாகிறது. 'சிசமி ஸ்ட்ரீட்' பார்த்து எழுத்தும் எண்ணும் கற்ற குழந்தைகளைத் திரைக்கு ஆதரவான சாட்சியாக நிறுத்துவார்கள். 1969-இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சி மூன்று வயதைத் தாண்டியவர்களுக்காகவே திட்டமிடப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

வாக்குறுதி ஒன்றும் புதிதல்ல. 1997-இல் அமெரிக்காவில் ஒரு தாய் தொடங்கிய 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோ வரிசையை 2001-இல் டிஸ்னி வாங்கியது. பொம்மைகள் ஆடும், பின்னணியில் செவ்வியல் இசை ஓடும். பார்க்கும் கைக்குழந்தை அறிவாளியாகும் என்ற நம்பிக்கையில் வீடுவீடாக விற்றது. சிறுவர் நலனுக்காகக் குரல் கொடுக்கும் ஓர் அமைப்பு அரசிடம் புகார் செய்தது. 2009-இல், விரும்பியவர்கள் வட்டுகளைத் திருப்பித் தந்து பணம் பெறலாம் என்று டிஸ்னி அறிவித்தது. மறு வருடம் ஐபேட் வந்தது. அதே வாக்குறுதி தொடுதிரைக்குக் குடிபெயர்ந்தது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது என்ன? 2003-இல் வெளியான பாட்ரிசியா கூலின் ஆய்வு இன்றும் பேசப்படுவது. சியாட்டிலில், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடிப் பேசினார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தொடங்கின. அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. காதில் விழுந்தது ஒன்றுதான். எதிரே ஆள் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

அதைவிட நம்மைக் கூர்மையாகத் தொடுவது 2010-இல் ஜூடி டிலோச்சும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வு. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளின் வீடுகளுக்கு, சொற்களைக் கற்பிப்பதாகச் சொல்லி நன்றாக விற்றுக்கொண்டிருந்த வீடியோ ஒன்றைக் கொடுத்து நான்கு வாரம் பார்க்கச் சொன்னார்கள். சில வீடுகளில் குழந்தை தனியாகப் பார்த்தது. சிலவற்றில் பெற்றோரும் கூட இருந்தார்கள். இன்னொரு குழுவுக்கு வீடியோவே கிடையாது. அதில் வரும் சொற்களின் பட்டியலை மட்டும் பெற்றோரிடம் கொடுத்து, அன்றாடப் பேச்சில் எப்படி முடியுமோ அப்படிச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். நான்காவது குழுவுக்கு எதுவும் தரவில்லை. முடிவில் வீடியோ பார்த்த குழந்தைகள், எதுவுமே செய்யாத குழந்தைகளைவிட ஒரு சொல்கூட அதிகமாக அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. அதிகம் கற்றவை பட்டியல் வீட்டுக் குழந்தைகள்தான். ஆய்வில் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விஷயம்: வீடியோவை விரும்பிய பெற்றோர், தம் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாகவே நம்பினார்கள். குழந்தை கற்கவில்லை, பெற்றோர் கற்றதாகக் கண்டார்கள். பயனர் மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது ஓரளவு விடை சொல்கிறது. 'என் பையன் ஒரு வாரத்தில் வண்ணங்கள் எல்லாம் சொல்கிறான்' என்று எழுதுபவர் பொய் சொல்லவில்லை. அந்த வயதில் குழந்தைகள் அப்படித்தான், டேப்லெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளுக்கொரு சொல்லாகக் கொட்டுகின்றன.

டேப்லெட்டுக்காக வாதாடுபவர்கள் இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பைச் சொல்வார்கள். அவையெல்லாம் வீடியோ, சும்மா பார்ப்பது. தொடுதிரை அப்படியா? குழந்தை தொட்டால் பதில் சொல்கிறதே? உண்மைதான். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குத் திரையில் உரிய இடத்தைத் தொட்டால்தான் காட்சி நகரும் என்று அமைத்தபோது, வெறுமனே பார்த்தபோது கற்காத சொல்லைக் கற்றன என்று ஹெதர் கிர்கோரியன் குழு 2016-இல் கண்டது. கொஞ்சம் மூத்த குழந்தைகளிடம் அந்தப் பலன் இல்லை. 2018-இல் கூல் குழுவே இன்னொரு வியப்பைச் சொன்னது: ஒன்பது மாதக் குழந்தைகள் தொடுதிரையைத் தட்டிச் சீன மொழி வீடியோவைத் தாங்களே ஓடவிட்டபோது, பக்கத்தில் இன்னொரு குழந்தையும் இருந்தால் சிறப்பாகக் கற்றன. ஆக, திரை என்றாலே பூஜ்யம் என்று அடித்துச் சொல்வது சரியல்ல. ஆனால் இந்தச் சான்றுகளும் எந்தப் பக்கம் விரல் நீட்டுகின்றன என்று பாருங்கள். சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு சொல்லுக்காக நிதானமாக வடிவமைக்கப்பட்ட காட்சி ஒன்று. கூட ஒரு துணை இன்னொன்று. எங்கே தொட்டாலும் மணி அடித்து, பலூன் வெடித்து, கைதட்டல் ஒலிக்கும் கடைச் செயலிகளுக்கு இவை சான்றாகா.

தொட்டுக் கற்றது கைக்கு வருகிறதா என்பது அடுத்த கேள்வி. இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரு புதிரைத் தொடுதிரையில் கூட்டிக் காட்டிவிட்டு அதையே உண்மையான துண்டுகளில் செய்யச் சொன்னால் தடுமாறுகின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. மறுபக்கம், உண்மைத் துண்டுகளில் பார்த்ததைத் திரையில் செய்வதிலும் அதே தடுமாற்றம். கட்டையின் கனம், முனை, வழுக்கல் எதுவும் கண்ணாடியில் இல்லை. எல்லாப் பொருளும் ஒரே விரல் இழுப்புக்கு நகர்ந்துவிடுகிறது. டப்பாவின் மூடியைத் திருகத் திணறும் குழந்தையின் மணிக்கட்டு செய்யும் வேலையில் கால்வாசியைக்கூட டேப்லெட் கேட்பதில்லை.

திரை இல்லாத பிளாஸ்டிக் பலகை பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் உண்டு. கண்ணுக்கு ஆமாம். பேச்சுக்கு? அன்னா சோசா 2015 இறுதியில் வெளியிட்ட ஆய்வில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோரும் வீட்டில் விளையாடுவதைப் பதிவு செய்தார். பேசும் மின்பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் குறைவாகப் பேசினார்கள்; மரக்கட்டையும் புத்தகமும் இருந்தபோது அதிகம் பேசினார்கள். பொம்மை பேசுகிறதே, நாம் எதற்கு என்று வாய் தானாக மூடிக்கொள்கிறது. 2019-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் மின்புத்தகத்தையும் அச்சுப் புத்தகத்தையும் ஒப்பிட்டபோது, டேப்லெட்டில் கதை படித்த பெற்றோரின் பேச்சில் கதை குறைந்து, 'அதை அழுத்தாதே', 'பக்கத்தைத் தள்ளு' போன்ற கட்டளைகள் பெருகியதைக் கண்டார்கள். இரண்டும் சிறிய ஆய்வுகள். சோசாவினுடையது 26 குடும்பங்கள், மற்றது 37. இவற்றை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. என்றாலும் எந்த வீட்டுக் கூடத்திலும் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டால் யாரும் சரிபார்த்துவிடக்கூடிய விஷயம்.

டேப்லெட்டால் உண்மையான நன்மை கிடைக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். முதலில் காணொலி அழைப்பு. 2014-இல் ரோஸ்பெரி, ஹெர்ஷ்-பாசெக், கோலிங்காஃப் மூவரும் செய்த சோதனையில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்காத புதிய சொற்களை நேரடிக் காணொலி அழைப்பில் கற்றன. மறுமுனையில் இருப்பவர் குழந்தையின் பெயரைச் சொல்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார், சிரித்தால் சிரிக்கிறார். டொரன்டோவில் பேரனும் யாழ்ப்பாணத்தில் அப்பப்பாவுமாக வாழும் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. அதற்குக் கற்றல் டேப்லெட் தேவையில்லை, வீட்டில் இருக்கும் கைப்பேசியே போதும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, பேச்சு வராத குழந்தைகள். சென்னையில் அஜித் நாராயணன் குழு உருவாக்கிய 'ஆவாஸ்' போன்ற கருவிகளில் படத்தைத் தொட்டால் அது குழந்தைக்குப் பதிலாகப் பேசும். பேச்சுப் பயிற்சியாளரின் வழிகாட்டலோடு பயன்படுத்தும்போது அங்கே டேப்லெட் விளையாட்டுப் பொருள் அல்ல, குழந்தையின் குரல். இந்தக் கட்டுரையில் உள்ள எந்தத் தடையும் அந்த வீடுகளுக்குப் பொருந்தாது.

மூன்றாவது நன்மையை யாரும் பெட்டியில் அச்சிடுவதில்லை: அம்மாவுக்கு அரை மணி நேரம். கூட்டுக்குடும்பம் போய், மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ இல்லாத அடுக்ககத்தில், குக்கர் விசில் அடிக்க, அலுவலக அழைப்பும் வந்துவிட்ட நேரத்தில், ஓடித் திரியும் ஒன்றரை வயதை என்ன செய்வது? இந்தத் தேவையைக் கேலி செய்பவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. என் குறை, அந்த அரை மணியைப் 'பாடம்' என்று பெயரிட்டு விற்பதில்தான். ஓய்வு என்று தெரிந்து கொடுப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். வேலை முடிந்ததும் வாங்கி வைப்பார். கல்வி என்று நம்பிக் கொடுப்பவர் எதற்காக வாங்கி வைக்க வேண்டும்? படிக்கிற பிள்ளையை யார் தடுப்பார்கள்? 'கற்றல்' என்ற முத்திரை குழந்தைக்கு எதையும் கூட்டாமல், பெரியவர்களின் உறுத்தலை மட்டும் கழித்துவிடுகிறது. அரை மணி இரண்டு மணியாவது அப்படித்தான்.

விலைச் சீட்டில் வராத செலவுகள் சில உண்டு. ஐந்து வயதும் அதற்குக் குறைந்தவர்களும் பயன்படுத்தும் 135 செயலிகளை ஆராய்ந்த மிச்சிகன் குழு, அவற்றில் 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்ததை 2018-இல் வெளியிட்டது. விளம்பரம் எது, விளையாட்டு எது என்று பிரிக்கத் தெரியாத வயது அது. 2015 நவம்பரில் விடெக் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்த ஒருவர் உலகெங்கும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை எடுத்தார். 2018-இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் 6.5 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மலிவுப் பலகைகளில் ஆபத்து இன்னும் பச்சையானது: சிலவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது. மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பலகையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

மருத்துவ அமைப்புகளின் நேரக் கணக்கு பலரும் அறிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பின்னர் சொன்னதும், சுவீடன் 2024-இல் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றே: இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், ஐந்து வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம். இந்த எண்களில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. பாட்டியோடு பேசிய இருபது நிமிடமும் யூடியூப் தானாக ஓட்டிய இருபது நிமிடமும் கணக்கில் ஒன்றாக விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் காணொலி அழைப்புக்கு மட்டும் விலக்களித்தது நியாயமான திருத்தம்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குக் கற்றல் என்பது என்ன என்பதை அந்தத் தலைப்பு சரியாகவே சொல்கிறது. நடுத்தரக் குடும்பங்கள் இலவசம் என்பதாலேயே அதைத் தாண்டிப் போய், பத்தாயிரம் ரூபாய்க்குத் திரையில் அதையே தேடுகின்றன.

என் முடிவு: இரண்டு வயதுக்குள் எந்த வகையும் வாங்க வேண்டாம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தனியாக ஒரு கருவி தேவையில்லை. வீட்டுக் கைப்பேசியில் கூட உட்கார்ந்து பார்க்கும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மூன்றைத் தாண்டிய பிறகு வாங்கியே ஆக வேண்டுமானால், சாதாரண டேப்லெட்டாக வாங்கி, இணையத்தைத் துண்டித்து, விளம்பரமில்லாத இரண்டு மூன்று செயலிகளோடு நிறுத்துங்கள்.

இந்தக் கருவிகளில் பலவற்றைப் பெற்றோர் வாங்குவதே இல்லை. முதல் பிறந்தநாளுக்கு வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேப்லெட்டை விட்டுவிட்டு நாலு படப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஊர் திரும்பிய பின் வாரம் இரண்டு முறை காணொலியில் கூப்பிட்டு, அந்தப் புத்தகத்தில் யானை எங்கே என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.