நாமகிரிப்பேட்டை மாடிக்கு லென்ஸா, ஆடியா?

நாமகிரிப்பேட்டை வடக்கு அட்சரேகை 11.5 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரமும் அங்கே அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய அதே 11.5 டிகிரியில்தான் நிற்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால், ஒரு முஷ்டி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. வடக்கே போதமலை, அதற்கு மேல் தூசியும் புகையும் கலந்த காற்று. பல இரவுகளில் அந்த நட்சத்திரம் கண்ணிலேயே படாது. தொலைநோக்கி வாங்கக் கிளம்புகிறவர் லென்ஸா ஆடியா என்று கேட்பதற்கு முன் இந்தக் கணக்கை மனதில் வைப்பது நல்லது. ஏனென்றால் இந்த வழக்கில் நம்மிடம் வந்து சேரும் யோசனைகளில் பெரும்பாலானவை துருவ நட்சத்திரம் பாதி வானம் ஏறி நிற்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. அந்த யோசனைகளை அப்படியே இங்கே இறக்கினால் பணம் வீணாகும்.

தொடக்கக்காரர் கைக்கு எட்டும் இரண்டு கருவிகளை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். ஒன்று செலஸ்ட்ரான் ஆஸ்ட்ரோமாஸ்டர் 70 ஏஇசட்: முன்னால் 70 மி.மீ. லென்ஸ், குவியத் தொலைவு 900 மி.மீ., கீழே முக்காலி. மற்றது ஸ்கைவாட்சர் ஹெரிட்டேஜ் 130: அடியில் 130 மி.மீ. குழி ஆடி, குவியத் தொலைவு 650 மி.மீ., மேசைமேல் வைக்கும் சுழல்பெட்டி. இரண்டாவதற்கு முதலாவதைவிடக் கூடுதல் பணம் ஆகும். ஆனால் அதே 130 மி.மீ.யை நல்ல லென்ஸாகக் கேட்டால் விலை பல மடங்கு ஏறும். காரணம் எளிது. நிறம் பிரியாமல் இருக்க லென்ஸில் இருவகைக் கண்ணாடியைச் சேர்க்க வேண்டும், நான்கு பரப்புகளைத் துல்லியமாக மெருகேற்ற வேண்டும். குழி ஆடிக்கு ஒரே பரப்பு. ஒளி அதன் வழியே போவதுமில்லை, நிறம் பிரிவதுமில்லை. ஒளி சேர்க்கும் திறன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 130-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் ஏட்டளவில் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. 'ஆடிக்குழாயின் நடுவே இன்னொரு சின்ன ஆடி மறைக்கிறதே, இரண்டு ஆடிகளிலும் ஒளி கொஞ்சம் வீணாகிறதே' என்று லென்ஸ்காரர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். விட்டத்தில் 30 சதவீதம் மறைந்தால் பரப்பில் 9 சதவீதம் போகும். சாதாரண அலுமினியப் பூச்சு ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை விழுங்கும். எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஆடி லென்ஸைப் போல இரண்டரை மடங்கு ஒளியைத் தருகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் '525 மடங்கு' போன்ற உருப்பெருக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு, அதுவே உச்சம், 70 மி.மீ.க்கு 140, அதற்கு மேல் போனால் கலங்கல்தான்.

இனி உயரத்துக்கு வருவோம். கிரகங்கள் உலவும் பாதை இந்த அட்சரேகையில் ஏறத்தாழ தலைக்கு மேலேயே போகிறது. உச்சிக்கு வரும் நேரத்தில் வியாழனோ சனியோ சுமார் 55 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. லண்டன்காரருக்கு அதே கிரகம் சில வருடங்களில் 15 டிகிரியில் மரங்களுக்கு நடுவே தவிக்கும். காற்றின் தடிமன் குறைவு என்பதால் நமக்கு இது பெரிய வரம். ஆனால் 900 மி.மீ. லென்ஸ் குழாயை அவ்வளவு மேலே தூக்கினால் கண் வைக்கும் முனை முக்காலியின் கால்களுக்கிடையே தாழ்ந்துவிடும். ஒளியைத் திருப்பும் சிறு துண்டைப் பொருத்தியும் குனிந்தோ குந்தியோதான் பார்க்க வேண்டும். முக்காலியின் கால்களை நீட்டி உயர்த்தினால் குழாய் ஆடும். ஆடித் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடம் குழாயின் மேல்முனையில், பக்கவாட்டில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உச்சிவானத்தைப் பார்க்கலாம். நேர் உச்சியில் மட்டும் சுழல்பெட்டியைத் திருப்புவது கொஞ்சம் சிரமம். அந்தப் பெட்டியை வீட்டுப் பழைய பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்து 'எல்லாம் ஆடுகிறது' என்று கருவியைத் திட்டக்கூடாது. கனமான மரமேசையோ கைப்பிடிச் சுவரோ வேண்டும்.

துருவத்தை நோக்கி அச்சைச் சாய்க்கும் தாங்கி (மவுண்ட்) கூடுதல் கௌரவம் என்று விற்கப்படுகிறது. இங்கே அந்த அச்சு கிட்டத்தட்ட படுத்தே கிடக்க வேண்டும். விலை குறைந்த சில மவுண்ட்களில் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். அச்சை நேராக்க உதவ வேண்டிய துருவ நட்சத்திரமோ மலைக்கு மேல் புகையில். புகைப்படம் எடுக்காதவர் அதை விட்டுவிடலாம். ஹெரிட்டேஜின் சுழல்பெட்டி டாப்சன் வகையைச் சேர்ந்தது. சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் ராமகிருஷ்ண மரபுத் துறவியாக இருந்த ஜான் டாப்சனின் பெயரால் அழைக்கப்படுவது. ஒட்டுப்பலகை, வழுக்கும் டெஃப்லான் துண்டுகள், அவ்வளவுதான். அளவு கொடுத்தால் ராசிபுரத்தில் எந்தத் தச்சரும் செய்துவிடுவார்.

பராமரிப்பு லென்ஸின் பலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. மூடிய குழாய், திருகு எதையும் தொட வேண்டாம். ஆடியை அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும். பின்னால் உள்ள மூன்று திருகுகளை நிதானமாகத் திருகினால் ஐந்து நிமிட வேலை, இரண்டு மூன்று முறை செய்தால் கை பழகிவிடும். மஞ்சள் காயும் மாதங்களில் ஊரில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆடிமேல் படியும் லேசான தூசி படத்தைக் கெடுப்பதில்லை. துணியால் துடைப்பதுதான் கெடுக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் இரட்டைக் கண்ணாடியைப் பிரித்துச் சுத்தம் செய்வது வீட்டு வேலையல்ல. ஹெரிட்டேஜுக்கு ஒரு குறை உண்டு. குழாயின் நடுப்பகுதி திறந்திருப்பதால் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே நுழையும். கறுப்பு சார்ட் பேப்பரைச் சுற்றிக்கொள்ள வேண்டும். சித்திரை மாதத்துக் கான்கிரீட் மாடி இரவு வெகுநேரம் வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அலையில் எந்தக் கருவியிலும் சனி குழம்பும். சாயங்காலமே மாடியில் தண்ணீர் தெளித்து, கருவியை அரைமணி முன்னதாக வெளியே வைத்துவிட வேண்டும்.

பெரிய வானாய்வகங்கள் என்ன செய்தன என்று பார்ப்பதும் பயன் தரும். உலகின் மிகப்பெரிய லென்ஸ் தொலைநோக்கி அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 1897-இல் நிறுவப்பட்டது, 102 செ.மீ. ஆய்வுக்கென அதைவிடப் பெரிய லென்ஸ் தொலைநோக்கியை அதன்பின் யாரும் நிறுவவில்லை. ஓரத்தில் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டிய கண்ணாடி தன் எடையிலேயே வளைகிறது. ஆடியைப் பின்னாலிருந்து முழுதாகத் தாங்கலாம். ஜவ்வாது மலையில் காவலூரில் 1972-இல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் ஆடிகளே. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. கொடைக்கானல் சூரியக் கோபுரத்தில் 38 செ.மீ. லென்ஸ்தானே என்று மறுக்கலாம். சூரியனிடம் ஒளிக்குக் குறைவில்லை. அங்கே விட்டத்துக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை. (நம் கருவியைத் தகுந்த வடிகட்டியை முன்முனையில் பொருத்தாமல் சூரியன் பக்கம் திருப்பினால் கண் போய்விடும். லென்ஸும் ஆடியும் இதில் ஒன்றுதான்.)

கடைசியாக ஒரு மறுப்பு: மேற்கே ராசிபுரம், வடமேற்கே சேலம், இந்த வெளிச்சத்தில் பெரிய ஆடி எதற்கு? மங்கிய விண்மீன் திரள்களுக்கு அது உண்மை. கோள வடிவ நட்சத்திரக் கொத்துகளுக்கு இல்லை. உருப்பெருக்கம் கூடக்கூட வானத்தின் வெளிறல் கறுத்துவிடும், நட்சத்திரப் புள்ளிகள் அப்படியே நிற்கும். அத்தகைய கொத்தான ஒமேகா சென்டாரி நமக்குத் தெற்கே 31 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. லண்டனில் அது உதிப்பதேயில்லை. 70 மி.மீ.யில் அது பஞ்சுத் துணுக்கு. 130 மி.மீ.யில் 5 மி.மீ. கண்வில்லையை (ஐபீஸ்) தனியாக வாங்கிப் போட்டால் 130 மடங்கில் ஓரங்கள் ரவையாக உதிரத் தொடங்கும்.

பகலில் கொல்லிமலையையும் பறவைகளையும் பார்க்க வேண்டும், நிலாவும் வியாழனின் நான்கு நிலவுகளும் போதும், சிறுவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றால் 70 மி.மீ. லென்ஸை வாங்குங்கள், ஆடியில் பகல்காட்சி தலைகீழாகத் தெரியும். மற்றவர்களுக்கு 130 மி.மீ. ஆடிதான். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆடி பரவளையமா? குழாய் அரை மீட்டர் நீளம், குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று எழுதியிருந்தால் உள்ளே கூடுதல் லென்ஸ் ஒளிந்திருக்கிறது, வேண்டாம். கார்த்திகை தாண்டி வாங்கினால் வானம் தெளிந்திருக்கும். ஒமேகா சென்டாரி மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் நேர் தெற்கே நிற்கும்.