‘துல்லியமாக’ என்று எழுதினால் போதுமா?

மாணவர்களே, துணைக்கோளம் நம் இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது என்ற வாக்கியம் தொழில்நுட்பம் பற்றிய மாதிரிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். இலக்கணப் பிழை இல்லை. ஆனா எவ்வளவு துல்லியம்? ஐந்து மீட்டரா, இரண்டு சென்டிமீட்டரா? அளவு சொல்லாத துல்லியம் வெறும் அலங்காரம்தான்.

துணைக்கோளம் நம்மை மேலிருந்து ‘பார்க்கிறது’ என்று எழுதுவதும் தவறு. ஜிபிஎஸ் துணைக்கோளம் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் அனுப்புகிறது, அவ்வளவுதான். கணக்குப் போடுவது உங்கள் கைப்பேசி. நேரம் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால், தூரம் 30 சென்டிமீட்டர் பிசகும்.

பத்துமலைக்குப் போகும்போது 272 படிகளின் அடியில் நின்று வரைபடத்தைத் திறந்து பாருங்க. சுண்ணாம்புப் பாறையில் பட்டுத் திரும்பும் அலைகளும் கலந்து வருவதால், புள்ளி சில மீட்டர் தள்ளி நிற்கலாம். குகைக்குள் போனால் பாறை வானத்தை மறைத்துவிடும், கேட்கவே வேண்டாம்.

கீழே திறந்தவெளியில் நில அளவையாளர் மட்டும் எப்படி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் சொல்கிறார்? இடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு நிலையத்தில் இன்னொரு கருவி இருக்கிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பிழைதான் வரும், கழித்தால் போய்விடும். அதோடு, சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையையே அளவுகோலாக வைத்து எண்ணுகிறார்.

மாதிரிக் கட்டுரைகள் தொடாத இடம் இனிமேல்தான் வருகிறது: தூரம். நிலையம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தால் பத்துமலையில் சமாளிக்கலாம், சுமார் 12 கிலோமீட்டர்தானே. பத்துமலையிலிருந்து கிள்ளான் 30 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் இரண்டு இடத்து வான்மண்டலமும் ஒன்றாக இருக்காது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு, சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலக் கொந்தளிப்பு வேறு. அதனால்தான் மலேசிய நில அளவை, வரைபடத் துறை (ஜுபெம்) நாடு முழுவதும் மைஆர்டிகேநெட் என்ற நிலைய வலையை நடத்துகிறது. சுற்றியுள்ள நிலையங்களை வைத்து, இடைப்பட்ட இடத்தின் பிழையைக் கணக்கிடுவார்கள். பக்கத்தில் நிலையமே இல்லாத கடலில், துணைக்கோளங்களின் பாதையையும் கடிகாரத்தையும் மிக நுட்பமாகத் திருத்திப் பயன்படுத்தும் வழி உண்டு; ஆனால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேரிடும்.

சரி, அந்தத் ‘தெரிந்த இடம்’ நகர்ந்துவிட்டால்? 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் லங்காவி சுமார் 17 சென்டிமீட்டர் இடம்பெயர்ந்தது. 2003-இல்தான் அறிமுகமான ஜிடிஎம்2000 என்ற நாட்டின் ஆயத்தொலை அடிப்படையை 2009-இல் திருத்த வேண்டியதாயிற்று. சுனாமி பற்றி எத்தனையோ கட்டுரை எழுத வைக்கிறோம். இந்தச் செய்தி ஒன்றிலாவது வருகிறதா?

ஆசிரியர்களே, விடைத்தாளில் ‘துல்லியமாக’ என்று கண்டால் அடிக்கோடிட்டு, ‘எவ்வளவு? எதை வைத்து?’ என்று ஓரத்தில் கேளுங்கள். மாணவர் இப்படி எழுதினால் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம்: திறந்தவெளியில் கைப்பேசி சில மீட்டருக்குள்ளும், திருத்தம் பெறும் அளவைக் கருவி சில சென்டிமீட்டருக்குள்ளும் இடத்தைக் காட்டும்.